கணிப்பொறி வரைபடத்தில் தூரம் அளத்தல்: சமவெளியிலும் மலைச்சரிவிலும்

வீடாயினும் பள்ளிக்கூடமாயினும் கட்டடம் ஒன்றை எழுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை நிலத்தை அளத்தலே என்பதை யாவரும் அறிவர். அளந்த அளவைத் தாளில் வரைந்து, அத்தாளின் மீது அளவுகோலை வைத்துத் தூரங்களைக் கணிப்பதே நெடுங்காலமாக வழக்கமாயிருந்தது. இன்று அவ்வேலை பெரும்பாலும் கணிப்பொறியில் நடைபெறுகிறது. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவான் சதர்லாந்து என்பார் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் செயல்திட்டத்தை உருவாக்கி, திரையின் மீதே கோடுகளை வரையலாம் என்று காட்டினார். 1982 ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஆட்டோகேட்’ வெளிவந்தபின், இம்முறை சாதாரண வரைவு அலுவலகங்களுக்கும் பரவலாயிற்று. விலையின்றிக் கிடைக்கும் ‘லிப்ரேகேட்’, ‘ஃப்ரீகேட்’ முதலிய மென்பொருள்களும் இப்பொழுது உள்ளன.

இம்மென்பொருள்களில் இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டினால், அவற்றினிடையே உள்ள தூரம் உடனே எண்ணாகத் தோன்றுகிறது. இவ்வெளிமையே ஓர் அபாயத்துக்கும் இடமளிக்கிறது. தாளின் மீது அளவுகோலை வைத்து அளந்தவர், தம் கை நடுங்கியிருக்கலாம், தாள் சுருங்கியிருக்கலாம் என்று ஐயுறுவார். திரையில் மூன்று தசம இடங்களோடு தோன்றும் எண்ணை ஐயுறுவோர் சிலரே. ஆனால் அவ்வெண், கேட்கப்பட்ட கேள்விக்குரிய விடையேயன்றி, நாம் கேட்க நினைத்த கேள்விக்குரிய விடையாக இல்லாமற் போகலாம்.

எனவே, திரையில் தோன்றும் எந்தத் தூரத்தையும் ஏற்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை? எந்த அலகில்? கிடைத்தளத்திலா, சரிவின் மீதா? எந்த அளவு துல்லியத்துடன்? இந்நான்கையும் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய எல்லைப்புறங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இரு வகை நிலம்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாகும். அதன் தாழ்ந்த தரையிலே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. நெல்வயலும் தென்னந்தோப்புமாக விரிந்த இப்பிரதேசத்தில் நிலம் பெரும்பாலும் மட்டமானது. ஆனால் அதே மாவட்டத்தைச் சேர்ந்த நெல்லியாம்பதியும் அட்டப்பாடியும் மலைப்பகுதிகள்.

இடுக்கி மாவட்டம் 1972 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் உருவாக்கப்பட்டது. அதன் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களில் மட்டமான நிலம் அரிது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்துடன் இங்கேதான் நிற்கிறது. தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் நிறைந்த இச்சரிவுகளில் லயங்களும் வீடுகளும் பள்ளிகளும் மலையை வெட்டி மட்டஞ் செய்த தரையிலேயே கட்டப்படுகின்றன.

இரண்டு பிரதேசங்களின் அளவை வரலாறும் வேறுபட்டது. பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 வரை சென்னை இராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இடுக்கி மலைகள் முன்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. வார்டு, கானர் என்னும் இரு இராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படம் எடுத்தனர். 1956 நவம்பர் 1 ஆம் நாள் கேரளம் அமைந்தபோது இரண்டும் ஒரே இராஜ்யத்துள் வந்தன. ஆயினும் பழைய பத்திரங்களில் ஏக்கரும் செண்டும், புதிய ஆவணங்களில் ஹெக்டேரும் ஆரும் சதுர மீட்டருமாக அளவுகள் இன்றும் கலந்தே காணப்படுகின்றன.

மென்பொருள் தூரத்தைக் கணிக்கும் முறை

கணிப்பொறி கோட்டைக் ‘கண்டு’ அளப்பதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அது மூன்று எண்களை நினைவில் வைத்துள்ளது: கிழக்கு நோக்கிய அளவு, வடக்கு நோக்கிய அளவு, உயரம். இவை முறையே எக்ஸ், ஒய், இஸட் என வழங்கப்படும். இரண்டு புள்ளிகளுக்கிடையே இம்மூன்று அளவுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கண்டு, அவ்வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை எடுத்தால் கிடைப்பதே தூரம். பள்ளியில் கற்பிக்கும் பைதகரஸ் தேற்றமே இங்கு மூன்று திசைகளில் இயங்குகிறது.

காகித வரைபடத்துக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. காகிதத்தில் 15 மீட்டர் நீளமுள்ள சுவரை 1:100 என்ற அளவுத்திட்டத்தில் 15 சென்டிமீட்டராக வரைவோம். கணிப்பொறியில் அச்சுவர் 15 மீட்டராகவே, முழு அளவில் வரையப்படுகிறது. அளவுத்திட்டம் தாளில் அச்சிடும் வேளையில் மட்டுமே வருகிறது. ஆகையால் அச்சிட்ட தாளின் மீது அளவுகோலை வைத்து அளப்பதும், கோப்பைத் திறந்து திரையில் அளப்பதும் வேறு வேறு செயல்கள். அச்சிடும்போது ‘தாளுக்கேற்பச் சுருக்குக’ என்ற ஏற்பாடு இருந்திருப்பின், தாளில் எழுதியுள்ள அளவுத்திட்டம் பொய்யாகிவிடும்.

எப்புள்ளியிலிருந்து எப்புள்ளி வரை

அறையின் நீளம் 3 மீட்டர் என்று ஒருவர் கூறினால், அது எதன் நீளம் என்று கேட்டல் வேண்டும். 23 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே உட்புற அளவு 3.00 மீட்டராயின், சுவர்களின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை 3.23 மீட்டர், வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை 3.46 மீட்டர். மூன்றும் சரியான எண்களே. கொத்தனார் கடைக்கால் தோண்ட நூல் பிடிக்கும்போது நடுக்கோட்டு அளவு வேண்டும். தரைக்கு ஓடு வாங்க உட்புற அளவு வேண்டும். வரியும் அனுமதியும் சம்பந்தப்பட்ட பரப்புக்கு விதியில் குறித்த அளவு வேண்டும். பூச்சு வேலைக்குப் பின் உட்புற அளவு இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

திரையில் புள்ளியைத் தொடும்போது மற்றொரு பிழை நேர்வதுண்டு. கோட்டின் முனையைத் தொட்டதாக நாம் நினைக்கலாம். உண்மையில் அதற்குச் சற்று விலகிய வெற்றிடத்தைத் தொட்டிருப்போம். இதைத் தடுக்கவே ‘ஆப்ஜெக்ட் ஸ்னாப்’ என்னும் ஏற்பாடு உள்ளது. கோட்டின் முனை, நடுப்புள்ளி, வெட்டுப்புள்ளி, செங்குத்துப் புள்ளி ஆகியவற்றை மென்பொருள் தானே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும். எல்லைக் கோட்டிலிருந்து சுவருக்குள்ள தூரத்தை அளக்கும்போது செங்குத்துப் புள்ளியைப் பற்றச் செய்தல் வேண்டும். இல்லையேல் சாய்வாக அளந்து, உள்ளதைவிட அதிக இடைவெளி இருப்பதாக எண்ணிவிடுவோம்.

எந்த அலகில்

கணிப்பொறிக்கு 30 என்பது வெறும் 30 ஆகும். அது அடியா, மீட்டரா என்பதைக் கோப்பின் அலகு ஏற்பாட்டிலிருந்தே அறிய இயலும். அந்த ஏற்பாட்டைக் குறிக்காது விட்ட கோப்புகள் பல கைமாறுகின்றன. தச்சர் அடிக்கணக்கில் கொடுத்த அறை வரைபடத்தை, சர்வேயர் மீட்டர் கணக்கில் கொடுத்த மனை வரைபடத்தினுள் நுழைத்தால், அறை மூன்று மடங்குக்கு மேற் பெரிதாகத் தோன்றும். அப்பிழை கண்ணுக்குப் புலனாகும். ஆனால் சிறிய பகுதியொன்று தவறிய அலகில் நுழைந்திருந்தால் கவனத்துக்கு வராமலே போகலாம்.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. வரைபடத்திலுள்ள கதவொன்றின் அகலத்தை அளந்து பார்க்கவும். வீட்டுக் கதவு வழக்கமாக 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். திரையில் 0.9 என்று வந்தால் அலகு மீட்டர், 900 என்று வந்தால் மில்லிமீட்டர், 2.95 என்று வந்தால் அடி, 35.4 என்று வந்தால் அங்குலம்.

கேரளத்தில் மரபு வழி வீடு கட்டுவோர் இன்றும் கோல் கணக்கைக் கையாளுகின்றனர். ஒரு கோல் 24 விரல். அது 72 சென்டிமீட்டருக்குச் சமம். ஆகவே ஒரு விரல் 3 சென்டிமீட்டர். மென்பொருள் கோலை அறியாது. தச்சர் 5 கோல் 8 விரல் என்று கூறினால், 3.60 மீட்டரும் 0.24 மீட்டரும் சேர்த்து 3.84 மீட்டர் என நாமே மாற்றிக் கொடுத்தல் வேண்டும். பரப்பளவில், ஒரு செண்டு 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். ஓர் ஆர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 செண்டு. இவ்வாய்பாட்டை மேசையின் மேல் எழுதி ஒட்டிவைப்பது நலம்.

சரிவும் கிடையும்

நான்கு கேள்விகளுள் மலைப்பிரதேசத்தில் மிக முக்கியமானது மூன்றாவதேயாகும். நிலத்தின் பரப்பும் எல்லைத் தூரமும் கிடைத்தளத்திலேயே கணக்கிடப்படுகின்றன. சரிவின் மீது நாடாவை இழுத்துப் பிடித்து அளந்த நீளம் கிடைத்தூரத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்கும். 30 மீட்டர் நாடாவைச் சரிவின் மீது முழுவதும் நீட்டினால், 10 பாகைச் சரிவில் கிடைத்தூரம் 29.54 மீட்டர், 20 பாகையில் 28.19 மீட்டர், 30 பாகையில் 25.98 மீட்டர்.

இதன் பொருளைச் சிறுமனை ஒன்றைக் கொண்டு காண்போம். மேலிருந்து கீழாகச் சரிவின் மீது 20 மீட்டரும், குறுக்கே 10.12 மீட்டரும் அளக்கப்பட்ட மனை 5 செண்டு என்று கருதப்படுகிறது. சரிவு 20 பாகையாயின் கிடைத்தூரம் 18.79 மீட்டரே, பரப்பு 190 சதுர மீட்டர், அதாவது 4.70 செண்டு. எவரும் வஞ்சிக்கவில்லை, வேலி நகரவில்லை, எனினும் ஏறத்தாழ 12 சதுர மீட்டர் ஏட்டில் மறைந்துவிடுகிறது. புதிய அளவையின்போது தம் நிலம் குறைந்துவிட்டது என்று முறையிடுவோரிடம் களப்பணியாளர் இக்காரணமும் இருக்கக்கூடும் என்பதைப் பொறுமையுடன் விளக்குதல் வேண்டும். ஐந்து செண்டு மட்டுமே உடையவருக்கு அந்த 12 சதுர மீட்டர் ஓர் அறையின் அளவாகும்.

மென்பொருளில் இப்பிழை வேறு வடிவத்தில் வருகிறது. ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்னும் கருவி சரிவுத் தூரத்தையும் செங்குத்துக் கோணத்தையும் அளந்து, அவற்றிலிருந்து கிடைத்தூரத்தையும் உயர வேறுபாட்டையும் கணித்துத் தருகிறது. அதன் அளவீடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும்போது ஒவ்வொரு புள்ளியும் தன் உயரத்தோடு வந்து சேர்கிறது. மேலிருந்து பார்க்கும் திரையில் உயரம் தெரிவதில்லை. எல்லாப் புள்ளிகளும் ஒரே தளத்தில் இருப்பனபோல் தோன்றுகின்றன. அந்நிலையில் இரண்டு புள்ளிகளைத் தொட்டுத் தூரம் கேட்டால், மென்பொருள் உயர வேறுபாட்டையும் சேர்த்துச் சரிவுத் தூரத்தையே தெரிவிக்கும்.

எடுத்துக்காட்டாக, மனையின் மேல் எல்லைக்கும் கீழ்ப் பாதைக்கும் இடையே கிழக்கு வேறுபாடு 12 மீட்டர், வடக்கு வேறுபாடு 9 மீட்டர், உயர வேறுபாடு 8 மீட்டர் எனக் கொள்வோம். 12, 9 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15. இதுவே கிடைத்தூரம். 8 இன் வர்க்கமாகிய 64 ஐயும் சேர்த்தால் 289. அதன் வர்க்கமூலம் 17. ஆட்டோகேட்டின் ‘டிஸ்ட்’ கட்டளை முதலில் காட்டுவது இந்த 17 ஐயே. ஆனால் அதே விடையில் எக்ஸ், ஒய், இஸட் வேறுபாடுகளும், கிடைத்தளத்திலிருந்து கோடு எழும்பும் கோணமும் தனித்தனியே தரப்படுகின்றன. இங்கு அக்கோணம் 28 பாகை. அது சுழியமாக இருந்தால் மட்டுமே முதலிற் காட்டிய எண் கிடைத்தூரமாகும். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஏனையவற்றை விடுவதே பிழைக்குக் காரணம்.

இப்பிழையின் விளைவு யாது? வரைவாளர் 17 மீட்டரைக் கிடைத்தூரமாகக் கொண்டு, முன்புறம் 3 மீட்டர், பின்புறம் 3 மீட்டர் விட்டு, நடுவே 11 மீட்டர் நீள வீட்டை அமைக்கிறார். வேலை தொடங்கும்போது இடத்தில் 15 மீட்டரே உள்ளது. வீட்டைச் சுருக்க மனமில்லாதவர் மலையை இன்னும் 2 மீட்டர் உள்நோக்கி வெட்டுகிறார். 15 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சரிவில், 2 மீட்டர் கூடுதலாக உள்ளே சென்றால் வெட்டுமுகம் ஒரு மீட்டருக்குச் சற்று மேலாக உயர்கிறது. வரைபடத்தில் எவரும் கணக்கிடாத ஒரு மீட்டர் மண், வீட்டின் பின்சுவருக்கு நேர் மேலே, செங்குத்தாக நிற்கிறது. தாங்குசுவரும் அந்த உயரத்துக்காகத் திட்டமிடப்பட்டதன்று. எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் குறைந்துபோகிறது.

இடுக்கியின் மலைச்சரிவுகளில் மழைக்காலம் எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதை 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு காட்டியது. தேயிலைத் தோட்ட லயங்களின் மீது மண்ணும் பாறையும் சரிந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அது பெருமழையால் மலைமேலிருந்து வந்த சரிவு. அளவைப் பிழையால் வந்ததன்று. ஆயினும் சரிவான நிலத்தில் மண் வெட்டும் ஒவ்வொரு வேலையிலும் தூரமும் உயரமும் தனித்தனியே சரியாக அறியப்படுதல் எத்துணை அவசியம் என்பதை இத்தகைய மழை நினைவூட்டுகிறது.

நாடாவினால் கிடைத்தூரம் காணல்

கருவி இல்லாத இடத்தில் படிப்படியாக அளக்கும் முறை நம்பத்தக்கது. நாடாவைச் சிறு நீளமாக, இரண்டு அல்லது மூன்று மீட்டராக, மட்டமாகப் பிடித்து, அதன் தாழ்ந்த பக்க முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தொடும் இடத்தில் அடையாளமிட்டு, அங்கிருந்து அடுத்த அளவைத் தொடங்குதல் வேண்டும். மட்டம் பார்க்க ரசமட்டமோ, கொத்தனார் உபயோகிக்கும் தண்ணீர்க் குழாயோ போதும்.

மற்றொரு முறை, சரிவு நீளத்தையும் இரு முனைகளின் உயர வேறுபாட்டையும் அளந்து கணக்கிடுவது. சரிவு மிகக் குறைவாயின் சுருக்கு வழியொன்று உண்டு: உயர வேறுபாட்டின் வர்க்கத்தைச் சரிவு நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், கழிக்க வேண்டிய அளவு கிடைக்கும். 30 மீட்டரில் 1 மீட்டர் உயர்ந்தால் கழிக்க வேண்டியது 1.7 சென்டிமீட்டர். சித்தூர்ப் பக்கத்து வயலில் 30 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்தால் கழிவு ஒரு மில்லிமீட்டரினும் குறைவு. சமவெளியில் இத்திருத்தத்தைப் பொருட்படுத்தாது பழகியவர் மலைக்கு மாற்றலாகி வரும்போது அப்பழக்கத்தைக் கீழேயே விட்டு வருதல் வேண்டும்.

இத்திருத்தம் புதியதன்று. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, சங்கிலி வெப்பத்தால் நீள்வதற்கும், தரை சாய்ந்திருப்பதற்கும், கடல் மட்டத்திலிருந்து உயர்ந்திருப்பதற்கும் தனித்தனியே திருத்தம் செய்தார். தீபகற்பம் முழுவதும் பின்னர் விரிந்த முக்கோண அளவைக்கு இத்தகைய கவனமே அடிப்படையாயிற்று.

செயற்கைக்கோள் வழி வரும் அளவுகள்

கேரள அரசு 2022 நவம்பர் 1 ஆம் நாள் ‘எந்தெ பூமி’ என்னும் பெயரில் மின்னணு மறு அளவையைத் தொடங்கியது. நிலையாக இயங்கும் 28 செயற்கைக்கோள் ஏற்பு நிலையங்களின் துணையால், வயலில் நிற்கும் கருவி தன் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் அறிந்துகொள்ளும். இவ்வாறு வரும் அளவுகளைக் கட்டட வரைபடத்தோடு இணைக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, அளவு பாகையில் உள்ளதா, மீட்டரில் உள்ளதா என்பது. அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பாகையாகவே வரைவு மென்பொருளில் ஏற்றினால், அம்மென்பொருள் பாகையைத் தூரமாகக் கருதிவிடும். நம் பிரதேசத்தில் 0.001 பாகை ஏறத்தாழ 110 மீட்டர். நூறு மீட்டர் நீளத் தோட்டம் திரையில் 0.001 என்று தோன்றினால் காரணம் இதுவே.

இரண்டாவது, உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தலால் வரும் வேறுபாடு. யூ.டி.எம். என்னும் கட்ட முறையில் பூமி 6 பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. பாலக்காடு, இடுக்கி, கோயம்புத்தூர், தேனி ஆகிய நான்கும் 43 ஆம் மண்டலத்தில் உள்ளன. 78 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டியுள்ள மதுரை 44 ஆம் மண்டலத்தைச் சேரும். ஆகையால் மதுரையிலிருந்து வரும் கோப்பை மாற்றாமல் இணைத்தலாகாது. 43 ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 75 பாகை. அங்கே கட்டத்தூரம் கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விலகிய இடத்தில் குறைவும் மிகுதியும் இன்றிச் சரியாக இருக்கும், அதற்கப்பால் மிகும்.

பாலக்காடு நகரம் ஏறத்தாழ இந்த 180 ஆவது கிலோமீட்டரிலேயே அமைந்திருப்பதால், அங்குக் கட்டத்தூரமும் தரைத்தூரமும் நடைமுறையில் ஒன்றே. மூணாற்றில் கட்டத்தூரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் மிகுகிறது. ஆனால் அவ்வூர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் அளவு உயர்ந்திருப்பதால், தரைத்தூரத்தைக் கடல் மட்டத்துக்குக் குறைக்கும்போது ஏறத்தாழ அதே அளவு கழிகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தாலோ, உயரம் குறைந்துவிடுவதால் அந்த ஈடு கிடைப்பதில்லை. அங்கே வேறுபாடு கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். முப்பது மீட்டர் மனைக்கு இது ஒரு சென்டிமீட்டரே, பொருட்படுத்த வேண்டுவதில்லை. எல்லை கடந்து பல கிலோமீட்டர் நீளும் பாதை, குழாய், கால்வாய் வேலைகளில் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

துல்லியம் என்பது

கணிப்பொறி ஓர் எண்ணை 15 இலக்கங்கள் வரை பிழையின்றிக் கையாளும். அதனால் வயலில் எடுத்த அளவு துல்லியமாகிவிடாது. நாடாவால் சென்டிமீட்டர் வரை அளந்த எல்லை, திரையில் 15.0000 என்று தோன்றினாலும் சென்டிமீட்டர் துல்லியமே உடையது.

மாறாக, மென்பொருள் உண்மையைச் சுருக்கியும் காட்டக்கூடும். ஒரு தசம இடம் மட்டும் காட்டுமாறு ஏற்பாடு செய்திருந்தால், 2.96 மீட்டர் இடைவெளி 3.0 என்று தோன்றும். விதி 3 மீட்டர் வேண்டுமென்றால், வரைபடம் அனுமதி பெறும், சுவர் பெறாது. இதனினும் கவனிக்கத்தக்கது, அளவுக்கோட்டின் மேலுள்ள எண்ணை நீக்கிவிட்டு, வேண்டிய எண்ணைக் கையால் எழுதிவைத்தல். மென்பொருள் இதற்கு இடங்கொடுக்கிறது. எழுதிய எண் 3.00 ஆகவும், வரைந்த கோடு 2.60 ஆகவும் இருக்கலாம். கோப்பைப் பெறுவோர் முக்கியமான தூரங்களைத் தாமே ஒருமுறை அளந்து, எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் இது வெளிப்படும்.

பழைய புலப்படத்தை வருடி எடுத்த பிம்பத்தின் மேல் அளக்கும்போது, தாள் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வெவ்வேறாகச் சுருங்கியிருக்கலாம். எனவே அறிந்த தூரம் ஒன்றை மட்டும் வைத்து அளவுத்திட்டத்தை நிர்ணயிக்காமல், இரு திசைகளிலும் சோதித்தல் வேண்டும். படத்தில் எண்ணாக எழுதப்பட்டுள்ள அளவு இருக்குமிடத்தில், கோட்டை அளந்து பெறும் அளவைவிட அவ்வெண்ணே மேலானது.

களப்பணியாளர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு

1. கோப்பைத் திறந்ததும் கதவொன்றை அளந்து அலகை உறுதி செய்க.

2. மனையின் நீளமான பக்கத்தை அளந்து, உயர வேறுபாடு சுழியமா என்று பார்க்க. சுழியமன்றாயின், எக்ஸ், ஒய் வேறுபாடுகளிலிருந்து கிடைத்தூரத்தைத் தனியே கணிக்க.

3. புலக்குறிப்பேட்டில் ஒவ்வொரு தூரத்தின் அருகிலும் ‘கிடை’ அல்லது ‘சரிவு’ என்று எழுதுக.

4. எல்லையிலிருந்து சுவருக்குள்ள இடைவெளியைச் செங்குத்தாக, மூன்று தசம இடங்களோடு அளக்க.

5. சரிவான மனைக்குத் தரைப்படம் மட்டும் போதாது. வெட்டுத்தோற்றமும் கேட்டு வாங்குக. அதில் வெட்டுமுகத்தின் உயரம் எண்ணாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

6. வேலை தொடங்கும் முன் ஒரு தூரத்தையேனும் நாடாவினால் மட்டமாக அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுக.

பள்ளியில்

கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருள்கள் கற்பிக்கப்படுகின்றன. கணித வகுப்பில் ‘ஜியோஜீப்ரா’ பயன்படுகிறது. மலைப்பகுதிப் பள்ளிகளில் சரிவான முற்றமே சிறந்த ஆய்வுக்கூடம். மாணவர் இரு கழிகளை நட்டு, சரிவு நீளத்தை நாடாவால் அளக்கட்டும். தண்ணீர்க் குழாயால் உயர வேறுபாட்டைக் காணட்டும். பைதகரஸ் தேற்றத்தால் கிடைத்தூரத்தைக் கணக்கிடட்டும். பின்னர்ப் படிப்படியாக மட்டமாக அளந்து இரண்டு விடைகளையும் ஒப்பிடட்டும். அதே முக்கோணத்தை ஜியோஜீப்ராவில் வரைந்தால், திரையிலுள்ள எண் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். உயர் வகுப்பினர் பாகைமானியின் நடுவிலிருந்து நூலில் கட்டிய கல்லைத் தொங்கவிட்டுச் சரிவுக் கோணத்தை அளந்து, கோசைன் அட்டவணையால் அதே விடையை அடையலாம்.

சமவெளிப் பள்ளியில் இதே சோதனையைச் செய்தால் இரு விடைகளும் ஒன்றாகவே வரும். அதுவும் பாடமே. திருத்தம் எப்போது வேண்டும், எப்போது வேண்டுவதில்லை என்பதை மாணவர் தாமே கண்டறிவர். இன்று முற்றத்தில் கழி நட்டு அளக்கும் மாணவர், நாளை தம் குடும்பத்துக்கு வீட்டு வரைபடம் வரும்போது, அதிலுள்ள 17 சரிவின் நீளமா, தரையின் நீளமா என்று கேட்கக் கற்றிருப்பார். அக்கேள்வி மலை வெட்டப்படுவதற்கு முன் எழுதல் வேண்டும்.